இடப்பக்கத்திலிருந்து படித்துவிட்டேன்

என் குட்டிக்கு,

நீ ஜப்பானியப் பாணியில் வரைந்து அனுப்பிய மாங்கா படக்கதையைப் பாடப்புத்தகம்போல இடப்பக்கத்திலிருந்தே படித்தேன். முதலில் கைகோத்து ஆடிய இருவரும், கடைசியில் வேறு வேறு ஜோடிகளோடு நின்று முறைத்துக்கொண்டார்கள். அழுதே விட்டேன்.

"டீச்சரம்மா, இதை வலப்பக்கத்திலிருந்து படிக்கணும்!" என்று உன் அப்பா சிரித்தார்.

மறுபடி படித்தேன். முறைத்துக்கொண்டு நின்ற அவளும் எதிராளியும் கடைசியில் கைகோத்து ஆடுகிறார்கள். அடேயப்பா! அசையாத தாளில் அவள் பாவாடை சுழல்கிறதே, எப்படியடி? முதன்முதலில் காந்தத்தைப் பார்த்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல வாயைப் பிளந்துவிட்டேன்.

அந்த எதிராளிக்கு, போன வருஷம் ஜோடி நடனப் போட்டியில் உன்னைத் தோற்கடித்தவனின் அதே தெற்றுப்பல். அன்று அவனை நான் என்ன சொன்னேன் என்பது இருக்கட்டும். நேரில் சம்மதம் கேட்கப் பயந்துதானே வரைந்து அனுப்பினாய்?

அவனைக் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் ஆட இடம் வேண்டுமென்று கூடத்துச் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டோம்.

வாய் இன்னும் மூடாத
அம்மா