தேரியில் நாம் இறங்கி நின்ற இடம்

உன் சைக்கிள் சீட்டுக்கு அடியில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்னக் கறுப்புப் பை, அதை இன்று மதியம்தான் திறந்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து, "இது உன்கிட்ட இருக்கட்டும் தங்கச்சி, இதுக்குள்ள கெடக்கது என்னன்னே எனக்குத் தெரியாது" என்று கையில் திணித்துவிட்டுப் போனது. அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்ததோடு சரி. இன்று கால் இரண்டும் கட்டைபோல வலித்தன. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தவள் எதற்காக எழுந்துபோய் அதை எடுத்தேன் என்று தெரியவில்லை. ஜிப்பை இழுத்ததும், உள்ளே கிடந்த பஞ்சர் சாமான்களுக்கு நடுவிலிருந்து நீலகிரித் தைல வாசனை குப்பென்று வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாசனை உனக்கு முன்னால் வந்து சேரும். தொடையிலும் கெண்டைக்காலிலும் தைலத்தை அள்ளிப் பூசிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவாய். நாம் முதலில் பார்த்த அன்றும் அப்படித்தான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நான் காலை நடைக்கு வந்திருந்தேன். நீ சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாய். பேர் ஊர் எதுவும் கேட்கவில்லை. "ஏளா, இந்தச் சக்கரத்தக் கொஞ்சம் புடி" என்றாய். நானும் பிடித்தேன். முப்பத்தெட்டு வயது டீச்சரை, முன்பின் தெரியாதவளை, 'ஏளா' என்று கூப்பிடுகிறவள் யாரடா என்று பார்த்தேன். அடுத்த மாதமே நானும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன்.

உனக்கு ஏற்கெனவே புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்திருந்தார்கள் என்பதை நீயாகத்தான் சொன்னாய், புன்னைக்காயல் பாதையில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதால்தான் சைக்கிளைத் தொட்டாயாம். என் முகம் சுண்டிப்போனது. நீ சிரித்தாய். "ஒண்ண எடுத்துட்டாவ. அதான் பாரு, வண்டி லேசா ஓடுது."

போன வருடம் மாசியில் அந்தப் போட்டி வந்தது. சனி ஞாயிறு இரண்டு நாள். சனிக்கிழமை சரளைப் பாதை. ஊருக்கு வெளியே உப்பளத்தில் தொடங்கி, வரப்புகளிலும் கடலோர மண்பாதைகளிலும் வேம்பார் வரை போய்த் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தெற்கே தேரியில், செம்மணல் மேடுகளுக்கு நடுவே ஒரே வட்டத்தை ஐந்து முறை சுற்ற வேண்டும். ஜோடியாகப் பெயர் கொடுத்தால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருத்தி நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் போட்டி முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வரப்போகிற பிள்ளைகளுக்கு நடுவே நமக்கு என்ன வேலை என்று நான் கேட்டேன். உன் ஷிப்பிங் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீ ஏற்கெனவே இரண்டு பேர் பெயரையும் பதிந்து முடித்திருந்தாய்.

சனிக்கிழமை வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. உப்புப் பாத்திகளில் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிர்காற்றில் எப்போதும் நீதான் முன்னால் போவாய், உன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நான் வருவேன். அன்று கொஞ்ச தூரத்திலேயே, "நீ முன்னால போளா, இன்னைக்கு நான் பின்னால வாரேன்" என்றாய். நான் தேறிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. மண்பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடங்களில் எல்லாம் உன் வீட்டுக்காரர் கடை வேனோடு நின்றார். வலை மிதப்பும் கயிறும் என்ஜின் ஆயிலும் விற்கிற மனிதர், ஒருநாளும் நாம் ஓட்டுவதைப் பார்க்க வந்ததில்லை. "அண்ணாச்சிக்கு என்னளா திடீர்ப் பாசம்?" என்று கேட்டேன். "கடையில யாவாரம் இல்லையாம்" என்றாய்.

வேம்பாருக்குச் சற்று முன்னால் முள்ளடர்ந்த ஒரு உடைமரக் கொப்பு உன் பின்சக்கரத்தில் சிக்கி, கியர் மாற்றும் கொக்கியை முறித்துவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்தேன். நீ வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செயினை வெட்டிச் சுருக்கி, ஒரே பல்சக்கரத்தில் மாட்டினாய். கை முழுக்கக் கறுப்பு மசகு. "ஒரு கியர் போதும்ளா. நம்ம அப்பாமாரு மூட்டைய வச்சுட்டு எத்தன கியர்ல போனாவ?" திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளியது. மிதிக்க வேண்டிய தேவைகூட இல்லை. நீ ஹேண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்து விரித்துக்கொண்டு கத்தினாய். என்ன கத்தினாய் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்து உப்புக் குவியல்களில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அன்று மாலையே அண்ணாச்சி ஊரெல்லாம் கடை கடையாக அலைந்து அந்தக் கொக்கியை வாங்கி மாட்டிக்கொடுத்தார். உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே செய்தார் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது சுற்றில் திரும்பிப் பார்த்தபோது உன்னைக் காணோம். சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தே பின்னால் வந்தேன். ஒரு மேட்டின் அடியில், உடைமரத்துப் பக்கத்தில், ஹேண்டிலைப் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். உதடு வெளுத்திருந்தது.

"உக்காருளா" என்றாய்.

"நேரம் ஆகுது. இன்னும் ஒரு சுத்துக்கு மேல கெடக்கு."

"உக்காருன்னா உக்காரு."

மணல் சுட்டது. உட்கார்ந்தேன். நீ உன் காலணியைக் கழற்றி மண்ணைக் கொட்டினாய். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"மறுபடி வந்துட்டு."

"எது?"

"எது வரும்? அதுதான். இந்தத் தடவ ஈரல்ல. போன வாரம் மதுரையில படம் எடுத்துப் பாத்தாவ."

"பெறகு ஏன்ளா இங்க வந்த?"

"புதன்கிழமதான் மருந்து ஏத்தத் தேதி குடுத்திருக்காவ. அதுக்கு முன்னால சைக்கிள் ஓட்டலாமான்னு டாக்டர்ட்ட கேட்டேன். ஒடம்பு கேக்க வரைக்கும் ஓட்டுங்கன்னாரு. இவருக்குத்தான் கோவம். ரெண்டு நாளா என்கூடப் பேசல. ஆனா வேன எடுத்துட்டுப் பின்னாலயே வாராரு, பாத்தியா?"

"போதும். வா. நான் அண்ணாச்சியக் கூப்பிடுதேன்" என்று போனை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கையில் அவ்வளவு பலம் இருந்தது.

"புதன்கிழமையில இருந்து அவங்க சொல்லுத எடத்துல படுப்பேன். குத்தட்டும், கிழிக்கட்டும், ஒண்ணும் கேக்க மாட்டேன். இத மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுரு."

எனக்கு எது சரி என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. உன்னோடு சேர்ந்து அந்த மணலிலேயே கிடந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. அதற்குள் நீ எழுந்து சைக்கிளை உருட்ட ஆரம்பித்துவிட்டாய்.

அதன் பிறகு மேடு வந்தால் நான் என் சைக்கிளை ஏற்றிப் போட்டுவிட்டு, இறங்கி வந்து உன்னுடையதை ஏற்றினேன். நீ வெறுங்கையோடு நடந்து வந்தாய், என்னைத் திட்டிக்கொண்டே. சமதளத்தில் இருவரும் பைய ஓட்டினோம். எல்லோரும் நம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசிச் சுற்றில் தேரியில் நாம் இரண்டு பேர்தான். நீ உன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாய், கருவாட்டுக் குழம்பு பற்றிப் பேசினாய். நான் அழுதுகொண்டே வந்தேன். "மூக்கச் சிந்திட்டு ஓட்டு, ஏளா" என்றாய்.

எல்லைக்கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் கோட்டின் மேலேயே நின்று, "ரெண்டு பேரு வாராவ, பொறுங்க, ரெண்டு பேரு வாராவ" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் இடது கையும் உன் வலது கையும் கோத்துக்கொண்டு தாண்டினோம். கடைசி ஜோடி. அவர் உன் சைக்கிளை வாங்கிக் கீழே போட்டார். அத்தனை பேர் நடுவில், மண் அப்பியிருந்த உன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"பேச மாட்டேன்னிய?" என்றாய்.

"இப்பவும் பேசல" என்றார். அவர் உதடு கோணியது.

புதன்கிழமை சொன்னபடியே போய்ப் படுத்தாய். பிறகு வந்த மாதங்களைப் பற்றி என்ன எழுத? முடி போனது, சதை போனது, சாப்பாடு போனது. சனிக்கிழமைதோறும் நான் காலையில் ஓட்டிவிட்டு அந்த உடையோடே உன் கட்டில் பக்கத்தில் வந்து உட்காருவேன். "எந்தப் பக்கம் போன? காத்து எப்படி?" என்று கேட்பாய். நான் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். எந்த வளைவில் நாய் துரத்தியது, எந்தப் பாத்தியில் உப்பு வாருகிறார்கள், எந்தப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் வற்றிவிட்டது. நீ கண்ணை மூடிக்கொள்வாய். போர்வைக்கு அடியில் உன் கால் மெல்ல அசையும், மிதிப்பது போல. அதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விடுவார்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை வேம்பார் பாதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், போர்வை அசையவில்லை. தூங்கிவிட்டாய் என்று எழுந்தேன். "போகாத. இன்னும் கொஞ்ச தூரம் சொல்லு" என்றாய். பாதையே முடிந்துவிட்டிருந்தது. வேம்பாரைத் தாண்டி எனக்குத் தெரியாத ஊர்களை எல்லாம் இட்டுக்கட்டிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய்.

அந்த வாரச் சனிக்கிழமை போனில் உன் பெயர் வந்தது. அண்ணாச்சி உன் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார். "இன்னைக்கு எந்தப் பக்கம் போன தங்கச்சி? காத்து எப்படி?" என்றார். நான் அன்று எங்கேயும் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து போனேன்.

இந்த வருடமும் மாசியில் போட்டி வந்தது. தனியாகப் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை வேம்பார் போய்த் திரும்பினேன், வாடைக் காற்றில் ஒண்டிக்கொள்ள ஒரு முதுகு இல்லாமல். நேற்று தேரியில் மூன்று சுற்று முடித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேட்டின் அடியில் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டினேன். நான்காவது சுற்றில் முடியவில்லை. இறங்கினேன். நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஒரு பெண் நிறுத்தி, "என்னாச்சுக்கா, பஞ்சரா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். நீ முடித்த சுற்றை என்னால் முடிக்க முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே நடந்து சாலைக்கு வந்தேன்.

மாலையில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"முடிக்கல அண்ணாச்சி. நாலாவது சுத்துல அந்த எடத்துல நின்னுட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"சரி, தங்கச்சி. அந்த எடம் வரைக்கும் எப்படி இருந்துச்சு? அதச் சொல்லு."

சொன்னேன். மணல் எங்கே இறுகியிருந்தது, எங்கே புதைந்தது, எந்த மரத்தில் மயில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போதெல்லாம் ஓட்டும்போது இப்படித்தான் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு வருகிறேன், உன்னிடம் சொல்வதற்காக. இனி உன்னிடம் சொல்ல முடியாது என்பது பாதி வழி போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வாரமும் புதிதாக நினைவுக்கு வருகிறது. ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி வழியையும் பார்த்துக்கொண்டே போகிறேன்.