நஸ்ரீனோடு ஒரு பிடி

ஜூலை 14, ஞாயிறு

இருபது வருடம் கழித்து இன்று நஸ்ரீனைப் பார்த்தேன். நான் போன மாதம் மறுபடி பழகத் தொடங்கிய அதே ஜூடோ வகுப்பில் தன் மகளைச் சேர்க்க, செம்பட்டியிலிருந்து வந்திருந்தாள்.

பள்ளி ஜூடோ பயிற்சியில் நாங்கள் இருவரும் ஜோடி. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட ஒருவர் சீருடையை ஒருவர் பிடித்து இழுத்துப் பழகுவோம். கடைசியில் மாவட்டத் தேர்வில் எதிரெதிரே நின்றோம். அவள் வலியில் கத்தியும் நான் பிடியை விடவில்லை. பிடியில் சிக்கிய அவள் சுண்டுவிரல் முறிந்தது. நான் ஜெயித்தேன்.

இன்று பிள்ளைகள் போனதும் இரவல் ஜூடோ சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடி, ஒரு பிடி பாப்போம்" என்றாள். என் கை காலருக்குப் போனது.

"இன்னமும் காலர்தானா? மொதல்ல சட்டைக் கையப் பிடின்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்!"

சட்டைக் கையைப் பயந்து பயந்து பிடித்தேன். மணிக்கட்டைச் சுழற்றி ஒரே உதறலில் விடுவித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெரல் ஒடிஞ்சதுக்கு நான் அழுகலடி. நீ பாக்க வருவன்னு ஒரு வாரம் கெடந்து அழுதேன்."

வெட்கத்தில்தான் போகவில்லை. அதைக்கூட இன்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமை மகளோடு மறுபடி வருவாள்.