பேட்டரி ஏன் இறங்கியது, அண்ணா

இன்று காலை வண்டியில் உட்கார்ந்ததும் டிரைவர் சீட்டின் தலைமாட்டில் உங்கள் தலையெண்ணெய் வாசனை அடித்தது. உறையைக் கழற்றி இரண்டு முறை சோப்புப் போட்டு அலசி மொட்டைமாடியில் காயவைத்தேன். போகவில்லை. போய் ஒரு வருஷம் ஆன மனுஷர் இப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வராதா?

கோபம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பொறாமைதான். கல்யாணமான நாளிலிருந்து உங்கள்மேல் எனக்குப் பொறாமை. நீங்களும் என் வீட்டுக்காரரும் ஹெப்பகோடி ஃபேக்டரியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்; நீங்கள் ஸ்டோரில், அவர் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில். நீலசந்திராவில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. தினமும் உங்கள் காரில் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவீர்கள். நீங்கள் ஸ்டியரிங், அவர் இடது பக்கம். "நீயும் ஓட்டக் கத்துக்கோயேன்டா" என்று நீங்கள் சொன்னால், "அதான் நீ இருக்கியே" என்பார். அந்த ஒரு மணி நேரத்தில் உலகத்தில் உள்ளதெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது என்னிடம் சொல்ல அவரிடம் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

ஒருநாள் மைசூர்பாக் டப்பாவோடு வந்து நின்றீர்களே, நினைவிருக்கிறதா? "வாயத் தொறம்மா கலா, உன் வீட்டுக்காரன் லைன் லீடர் ஆயிட்டான்ல!"

"எப்போண்ணா?"

"நேத்தே ஆயிட்டான். சொல்லலியா அவன்?"

"சொன்னாரு, சொன்னாரு" என்று பொய் சொன்னேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் ரசம்தான் வைத்தேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் குரலும் எனக்கு ஆகாது. நான்கு வீடு கேட்கப் பேசுவீர்கள். நான் பத்து தடவை கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷர், நீங்கள் வாசலில் "டேய்!" என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். "நான் கூப்பிட்டா மட்டும் காதுல விழாதே" என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள், மதியத்துக்குள் போய்விட்டீர்கள். அழுதேன், அது பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, இனிமேல் எனக்குத்தானே சொல்வார் என்று ஒரு நினைப்பு வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணி சொந்த ஊர் வேலூருக்கே போய்விட முடிவு செய்தபோது, "வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்று உங்கள் காரை எங்களிடமே விட்டுப்போனார். ஓட்டத் தெரிந்தவள் நான்தான். வேலைக்கு ஸ்கூட்டியில் போகிறவள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கலாம் என்று இருந்தேன். இரண்டாவது ஞாயிறே சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

கம்பெனி கம்பெனியாகப் போய் யு.பி.எஸ். பேட்டரி பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டு வண்டி என்னிடமே விளையாடினால் விடுவேனா? பேட்டரி பழசு என்று புதுசு போட்டேன். நான்கே நாளில் அதுவும் படுத்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்து அளந்தேன், சார்ஜ் ஒழுங்காக ஏறியது. பூட்டி வைத்து மீட்டரை மாட்டிப் பார்த்தேன். நிறுத்தி வைத்த கார் கடிகாரத்துக்கும் பூட்டுக்குமாகத் துளி கரண்ட் எடுக்கும். அந்தத் துளிக்கு மேல் ஒன்றும் போகவில்லை. அப்போதுதான் நீங்களே வயர் இழுத்து மாட்டிய பாட்டுப் பெட்டி கண்ணில் பட்டது. எனக்குள் ஒரு சந்தோஷம் பாருங்கள்! அண்ணன் கைவேலைதான் காரணம் என்று அதன் ஃப்யூஸைப் பிடுங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் மறுபடி 'டிக்'.

தெருமுனை மெக்கானிக் பாய் ஒரு மணி நேரம் குடைந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அக்கா, வண்டில லீக்கேஜே இல்ல. யாரோ யூஸ் பண்றாங்க. வூட்ல கேட்டுப் பாருங்க."

வீட்டில் யார்? இவருக்கு பானட்டை எங்கே திறப்பது என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது, யாரிடமும் சொல்லாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போனேன். சாயந்திரம் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்: "வண்டில லைட்டே வரலியே, எதுனா கழட்டி வெச்சியா?"

"ஓட்டத் தெரியாத உங்களுக்கு லைட்டு வரலைன்னு எப்படிங்க தெரியும்?"

கயிறு இல்லாத ஷூவைக் குனிந்து ரொம்ப நேரம் மாட்டினார்.

அடுத்த நாள் வயரை மாட்டிவிட்டுப் போய், அரை நாள் லீவு சொல்லி இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். கீழே பார்க்கிங்கில் உங்கள் வண்டி. இடது சீட்டில் அவர். சாவி ஆனில், இன்ஜின் ஓடவில்லை, புழுக்கத்துக்கு ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் இப்படி ஓடினால் எந்தப் பேட்டரி தாங்கும்? காலியான டிரைவர் சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் செருப்புச் சத்தத்தோடு நடந்து வந்து தூணோரம் நின்றது அவருக்குக் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் மறுபடி காது டெஸ்டு மச்சா. லெஃப்டு சுத்தமா போச்சு, ரைட்டும் பாதிதான். இந்த வாட்டி மெஷின்ல விடமாட்டாங்க. நீ அப்பவே சொன்ன, மொதல்ல கலாகிட்ட சொல்லுடான்னு. மூணு வருஷமா சொல்லிட்டே இருந்த. நான்தான் கேக்கல. எப்படி மச்சா சொல்றது அவகிட்ட?"

மூன்று வருஷமாக உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அவரிடம் அப்படிக் கத்தினீர்கள். அண்ணியிடம் போனில் பேசும்போது உங்கள் குரல் எவ்வளவு தணிந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நானோ அந்த மூன்று வருஷமும் அவருடைய கேட்காத காதில் சண்டை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உங்கள்மேல் பொறாமையும் அந்த நிமிஷத்தில்தான் உச்சிக்குப் போனது. எனக்காகப் பேசியதுகூட நீங்கள்தானா?

கதவைத் திறந்து உங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். திடுக்கிட்டு இறங்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டயும் சொல்லுங்க" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு மெதுவாக, "கொஞ்சம் சத்தமா சொல்லு கலா" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டெஸ்டுக்கு நானும் கூடப் போனேன். மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஸ்டோரில் நீங்கள் பார்த்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். வலது காதில் கேட்கும் கருவி வைத்திருக்கிறார். இப்போது எந்தச் சேதியும் முதலில் எனக்குத்தான். நானும் நான்கு வீடு கேட்கத்தான் பேசுகிறேன்.

ஆனால் லீவு நாள் மதியத்தில் இன்னமும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போகிறார். என்னிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறாரா, எனக்கில்லாதது ஏதாவது இருக்கிறதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. எட்டிப் பார்ப்பதில்லை. பொறாமை அப்படியேதான் இருக்கிறது, அண்ணா. ஆபீஸிலிருந்து ஒரு சார்ஜர் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அவர் பேசிவிட்டு மேலே வந்து படுத்ததும், நான் இறங்கிப் போய் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன்.