உலக முடிவும் முப்பத்தொரு வீடும்

ஜூன் 2, செவ்வாய்
ஜெர்மனி, எசன் நகரில் மழை. உடுப்புத் துவைக்க வேண்டும். 16 நாள் லீவுக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், கொடுத்தாயிற்று. ஆகஸ்டில் யாழ்ப்பாணம்.

வேலையிடத்தில் பிரிகித்தே, இலங்கை போய்வந்த படங்களைக் காட்டினாள். தேயிலை மலை, அருவி, எல்ல என்ற மலையூரில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில். "உன் நாடு என்ன அழகு! எல்லவுக்குப் போயிருக்கிறாயா?"

போயிருக்கிறேன் என்றேன். பச்சைப் பொய். பத்தொன்பது வயதில் வெளிக்கிட்டவள். கண்டது யாழ்ப்பாணமும் கொழும்பு விமான நிலையமும்தான். ஐம்பத்திரண்டு வயதில் என் நாட்டை ஒரு ஜெர்மன்காரியின் போனில் பார்க்கிறேன். வெட்கம்.

ஜூன் 4, வியாழன்
இவர் பட்டியல் போடத் தொடங்கிவிட்டார். எந்த நாள், எந்தச் சொந்தக்காரர் வீடு. 31 வீடு! ஒன்றை விட்டால் பத்து வருஷம் கதைக்க மாட்டார்கள். போனமுறையும் இதேதான். ஒரு நாளைக்கு மூன்று சோடா, நாலு துண்டு கேக், இரண்டு மத்தியானச் சாப்பாடு.

"மலைப்பக்கம் ஒருக்கா..." என்றேன்.

"அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார்.

மலை இருக்குத்தானே, மனுசா!

ஜூன் 6, சனி
வெயில். பால், வெங்காயம் வாங்கியாயிற்று. இவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம், அவருடைய 31 வீட்டுத் தாளின் பின்பக்கத்தில் என் பட்டியல். சும்மா, ஆசைக்கு.
– எல்ல ரயில், யன்னலோரம்
– ஹோர்ட்டன் சமவெளி, உலக முடிவு என்கிற மலைவிளிம்பு (விடியவே போக வேண்டும், பிறகு முகில் மூடிவிடுமாம்)
– தியலும அருவி
– நிலாவெளிக் கடல்
– நெடுந்தீவுக் குதிரைகள் (யாழ்ப்பாணத்தாள், இதைக்கூடப் பார்க்கவில்லை!)

ஜூன் 7, ஞாயிறு
ஐயோ. எந்த வீடு எந்த நாள் சமைப்பது என்று தெரியட்டும் என்று, இவர் பட்டியலைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். கண்ணாடி போடவில்லை. போனது பின்பக்கம்!

சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். முதல் குரல்பதிவு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து, இவருடைய தங்கை ராணி: "அண்ணை, உலக முடிவுக்கோ போறியள்? நாங்களும் ஒருநாளும் பாக்கேல்லை. வான் வண்டி ஒண்டு பிடியுங்கோ, நாங்களும் வாறம்!"

ஒரு மணித்தியாலத்தில் பதினான்கு பேர். வழிக்குப் புட்டு யார் அவிப்பது என்று சண்டை வேறு. 31 வீட்டுக்கும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் சாப்பாடு என்று ராணியே தீர்த்துவிட்டாள். நான் தனியே நின்று சிரித்தேன்.

இவர் வந்தார். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். அங்க ஆர் இருக்கினம் எண்டு கேட்டியள்."

மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளின் பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். தேத்தண்ணியும் ஆறிப்போயிற்று.

ஜூன் 8, திங்கள்
திரும்ப மழை. பெய்யட்டும். பிரிகித்தேயிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தன் மழைக்கோட்டைத் தருகிறாளாம்.

வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜில் என் பட்டியல் ஒட்டியிருக்கிறது. எல்ல ரயிலுக்குப் பக்கத்தில் இவருடைய கோழிக் கிறுக்கல்:

"இதுக்கு மட்டும் ரெண்டு டிக்கெட். ராணிக்குச் சொல்லாதை."