சுவரில்லாத கிருமியும் உன் அம்மாவும்

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா மருதையன் தன் கையாலேயே எழுதுவது. நீ நலம் என்று நம்பித் தொடங்குகிறேன், நாங்கள் நலமா என்பது கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும். போனில் சொன்னால் அரை நிமிடம்தான், ஆனால் எழுதப் படிக்கக் கற்ற பிறகு அவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. எழுத்தறிவு வகுப்பில் அம்சவல்லி டீச்சர் என் ‘ழ’வைப் பார்த்துவிட்டு, இது எழுத்தா இறாலா தாத்தா என்று கேட்கிறார். இறாலாகவே இருக்கட்டும், நான் பிடித்த இறால்.

அம்மாவின் இருமல் உனக்குத் தெரியும். சம்பா நடவு தொடங்கியபோது பிடித்தது, மெடிக்கலில் கொடுத்த மாத்திரையைத் தின்று தீர்த்தும் அசையவில்லை. அப்போதுதான் நீ தமிழில் அனுப்பின செய்தி வந்தது. யாரையும் கூப்பிடாமல் நானே எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். இது மைக்கோபிளாஸ்மாவாக இருக்கலாம், ‘நடமாடும் நிமோனியா’ என்பார்கள் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது நோயாளி நடமாடுவதை, நான் படித்த லட்சணத்தில் நோய்தான் நடமாடுகிறது என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. நடமாடுதுன்னா அதுவே நடந்து போயிடும், அதுக்கு நான் எதுக்கு பஸ் ஏறணும் என்று சொல்லிவிட்டு உன் அம்மா நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். நான் படித்ததால் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பலன் இது.

மீதியைப் படிக்க மறுநாள் வரை ஆனது. என்ன கெட்டிக்காரக் கிருமி! கடை மாத்திரை கிருமியின் சுவரை இடிக்கிற மருந்தாம், இதற்கோ சுவரே கிடையாதாம். புறம்போக்கில் கூரைகூட இல்லாமல் குந்தியிருப்பவனிடம் வீட்டை இடிக்க ஆள் அனுப்பினால் அவன் எதற்குப் பயப்படப் போகிறான். மூச்சுக்குழாயில் நாற்றங்கால் போல அசைந்து தூசியைத் தள்ளும் மயிரிழைகளைப் பிடித்துக்கொண்டு நம்மிடமே வாங்கித் தின்னுமாம், உடம்பின் காவல்காரர்கள் அடையாளம் கண்டு வருவதற்குள் மேல்தோற்றத்தை மாற்றிக்கொள்ளுமாம். நம் தெருப் பிரபு நினைவுக்கு வந்தான். பழைய கட்சிக்காரர்கள் தேடி வருவதற்குள் வேறு கரைவேட்டியில் வந்து அவர்களுக்கே வணக்கம் வைப்பவன். இதைத் தேடி ஆராய்ச்சிக்கென்று நீ ஜெர்மனி வரை போனாய், அது இங்கே உன் அம்மாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிரித்தது அதுவரைதான். அன்று நடவின் நடுவில் அவள் நிமிர முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த மலர்க்கொடியும் நானும் தாங்கி வரப்புக்குக் கொண்டுவந்தோம், உதடு வெளுத்திருந்தது. அப்போதும், இன்னும் ரெண்டு மா நிலம் பாக்கி இருக்கு என்கிறாள். அது நடந்து போகாது ராமாயி, நீதான் போயிடுவே என்றேன். உடனே பஸ் ஏறினாள். அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் சளி இருக்கிறது, நீ சொன்ன கிருமியாகத்தான் இருக்கும் என்று மருந்தை மாற்றினார்கள். சுவரில்லாத கிருமிதானேங்க என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, என்ன படிச்சிருக்கீங்க பெரியவரே என்றார். ‘ழ’ வரைக்கும் என்றேன்.

இப்போது காய்ச்சல் இல்லை, கஞ்சி குடிக்கிறாள், வரப்பில் உட்கார்ந்து நடவு ஆட்களை விரட்டுகிறாள். இருமல் அடைத்திருந்த நாட்களின் பேச்சையும் சேர்த்துப் பேசுகிறாள், அதற்கும் மருந்து இருந்தால் எழுது.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். நேற்றிலிருந்து எனக்கும் தொண்டை கரகரப்பு. நடந்து போயிடும் என்று சொல்லிப் பார்த்தேன். உன் அம்மா வெள்ளைச் சட்டையை என் மடியில் போட்டுவிட்டு, பஸ் வருதா என்று ரோட்டில் நின்று பார்க்கிறாள். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். நீ நூறாண்டு சுகமாக இரு மகளே, அந்தக் கிருமியிடம் போகும்போது முகத்தை மூடிக்கொண்டு போ, அது நம் குடும்பத்தை அறிந்து வைத்திருக்கிறது.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காத உன் அப்பா,
மருதையன்