இரங்கல் தீர்மானம் தொடர்பாக

என்றும் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்தில்தான் கொஞ்சம் நடுக்கம், சொல்ல வந்ததில் இல்லை. உடல் தேறி, உங்கள் தங்கை வீட்டில் நடமாடத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். அடுத்த மாதச் செயற்குழுவுக்கு வந்து மீண்டும் தலைவர் பொறுப்பை ஏற்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் சமூக அறிவியல் துறைத் தலைவர்கள் சங்கத்தின் பொதுக்குழு கூடிய அன்று, இணைச்செயலாளர் மருத்துவமனைக்குத் தொலைபேசினார். உங்கள் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பதாகச் சொன்னார்களாம். நீங்கள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. “கட்டில்ல வேற ஆளாம்மா, அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க போல” என்று அரங்க வாசலிலேயே அழுதார். அந்தப் ‘போல’ மேடைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிட்டது. ஆதாரத்தைச் சரிபார் என்று ஆண்டு முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

இரங்கல் உரை நான்தான் வாசித்தேன். உங்கள் கோபத்தைக் கண்டிப்பு என்று மாற்றிச் சொன்னேன். என் குரல் அவ்வளவு தெளிவாக ஒலிக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. உங்கள் நினைவாக ஒரு விருது அறிவித்தார்கள். பிறகு, காலியான இடத்துக்கு என்னை முன்மொழிந்தார்கள்.

உண்மை தெரிந்ததும் செயற்குழுவைக் கூட்டினேன். ஆனால் பொதுக்குழுவின் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுதான் ரத்து செய்யலாம் என்ற விதி குறுக்கே நிற்கிறது. நீங்கள் எழுதிய விதி. முன்பு நான் ஒரு திருத்தம் கேட்டபோது, “ஆளுக்கு ஏத்த மாதிரி வளைக்க இது என்ன மூங்கிலா? உக்காரும்மா” என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். உட்கார்ந்தேன். ஆகவே அடுத்த ஆண்டு வரை, சங்கத்தைப் பொறுத்தவரை, நீங்கள் மறைந்த தலைவர். நம் பொருளாளரின் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே. “செத்தவங்க வந்து நாற்காலிய கேட்டா எழுந்து குடுக்கணும்னு எந்த விதியில இருக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்டித்தேன், சிரித்து முடித்த பிறகு.

உங்கள் மகள் பொதுக்குழு நாளன்று காலை எனக்கு அனுப்பிய செய்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று எழுதியிருந்தாள். நான் அதை அப்போதே படித்துவிட்டதாக அவள் கைபேசி காட்டுகிறதாம். கூட்ட அவசரத்தில் விரல் பட்டிருக்கும். ஒற்றை ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் நீங்கள். அவளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

சங்க அறையில் இருந்த உங்கள் உலக உருண்டையையும் மூக்குக் கண்ணாடியையும் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். நாற்காலியை மட்டும் என் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டேன்.

விருதுக்கு ஆள் தேர்ந்தாகிவிட்டது. உங்களைப் பார்த்தேயிராத இளம் ஆசிரியை. மேடையில் உங்களை நினைத்துப் பேச இப்போதே மனப்பாடம் செய்கிறாள். நீங்கள் வாசலில் வந்து நின்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்? கையெடுத்துக் கேட்கிறேன், வராதீர்கள்.

நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும், அக்கா. அங்கேயே.

உங்கள் வளர்ப்பு,
தலைவர்