பதினான்காம் குழியின் மதகு

என் அருமை மச்சான் காதருக்கு,

போன வாரம் அந்தக் குழு மறுபடியும் வந்தது. நம் கோல்ஃப் மைதானத்துக்கு மதிப்பெண் போடும் அதே மூன்று பேர். நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும். "பத்துக்கு எவ்ளோடா முனி?" எட்டு, மச்சான். எட்டுதான். கோபப்படாதே, முழுதும் கேள்.

பாகலூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குச் சற்று இப்பால் பதினெட்டுக் குழி மைதானம். நீ புல்லைப் பார்க்க, நான் தண்ணீரைப் பார்க்க. பத்துக்குப் பத்து வாங்க வேண்டும் என்ற வெறி மேனேஜருக்கு இருந்ததை விட உனக்குத்தான் அதிகம் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே பத்தைப் பேசவில்லை. அவருக்கு எங்கு பார்த்தாலும் பச்சை வேண்டும், ஏரி தளும்ப வேண்டும். நீயோ விடுமுறைத் திங்கள்கிழமைகளில் உடைந்த மட்டையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஆடியே மைதானத்தை எடை போட்டவன்.

"நல்லா அடிச்சவனுக்குப் பந்து ஓடணும். தப்பா அடிச்சவனுக்கும் ஒரு வழி இருக்கணும். ஒரு குழி மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. வெயில் காலத்துல புல்லு கொஞ்சம் காஞ்சாத்தான்டா தரை கெட்டியாவும், ஆட்டமே அப்பத்தான்" என்பாய். அப்புறம் குரலைத் தாழ்த்துவாய். "கீழ இருக்கிறவன் வயல காய வச்சிட்டு நம்ம பச்சையா இருந்தா, அதுக்கு எவன்டா பத்து போடுவான்?"

குழு வர நான்கு நாள் இருக்கும்போது மேனேஜர் பதினான்காம் குழியோரம் இருந்த மதகை அடைக்கச் சொன்னார். ஓடைத் தண்ணீர் முழுதும் ஏரியில் நிற்க வேண்டுமாம். கீழே ரோஜாத் தோட்டமும் தக்காளியும் போட்டிருந்தவர்கள் கேட்டுக்கு வந்து கத்தினார்கள். அடைத்தவன் நான்தான். என் கையால் சக்கரத்தைச் சுற்றினேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். புல் மேலிருந்த பனித் தண்ணீரைத் தள்ளிவிட்டு நீ நேராக மதகுக்குப் போய்ச் சக்கரத்தைத் திருப்பினாய். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். எனக்கு முன்னால் மேனேஜர் வந்துவிட்டார். பாதுகாப்புக்கென்று அவர் பெங்களூரிலிருந்து கூட்டி வந்திருந்த மூன்று தடியன்களும் கூட வந்தார்கள்.

"மூடு காதர்."

"மூட மாட்டேங்க சார். குழுகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"ஹொடியோ!" என்றார். அடிடா என்று கன்னடத்தில் ஒரே சொல்.

முதல் அடி முழங்காலில். இரும்புப் பைப். நீ விழவில்லை, சக்கரத்தைக் கட்டிக்கொண்டாய். அப்புறம் விரல்களில் அடித்தார்கள், ஒவ்வொரு விரலாக. நீ கத்தினாய். பிடியை மட்டும் விடவில்லை. ஒருத்தன் தலைமுடியைப் பிடித்து உன் முகத்தைச் சக்கரத்தில் மோதினான். ஒருமுறை இல்லை மச்சான். கடைசி அடி பின்மண்டையில். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தேங்காய் உடைக்கும் வீட்டில் இப்போதெல்லாம் நான் நிற்பதில்லை.

மேனேஜர் என்னிடம் சொன்னார்: "ஈரத்துல வழுக்கி விழுந்துட்டான். புரியுதா? அந்த எடத்துல புதுப் புல் போடு." போலீசிடம் அப்படியே சொன்னேன். நர்சரியிலிருந்து புல் வெட்டி வந்து உன் ரத்தத்தின் மேல் நானே பதித்தேன். காலால் மிதித்து அமுக்கினேன். என்னை என்ன செய்யலாம், சொல்?

குழு மறுநாள் வந்தது. பதினான்கில் ஒரு அம்மா குனிந்து புல்லை விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்த எடம் மட்டும் ஏன் புதுசா இருக்கு?"

மேனேஜர் வாய் திறப்பதற்குள் நான் முட்டி போட்டுவிட்டேன். இரண்டு கையாலும் அந்தப் புல்லைப் பிய்த்து எறிந்தேன். கீழே மண் கறுத்துக் கிடந்தது.

"எங்க மச்சான இங்கதாங்க அடிச்சுக் கொன்னாங்க. இவர்தாங்க அடின்னாரு."

மேனேஜர் என் கழுத்தைப் பிடித்தார். நான் அவர் கையைக் கடித்தேன், எலும்பு தட்டுப்படும் வரை. அந்த அம்மாதான் போலீசைக் கூப்பிட்டார். மாலைக்குள் நான்கு பேரையும் பிடித்தார்கள். அடுத்த மாதம் பாகலூர் ரோட்டில் யாரோ இரண்டு பேர் என் வண்டியை மறித்து, சாட்சி சொல்வாயா என்று கேட்டே மணிக்கட்டை உடைத்தார்கள். இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் குத்துகிறது.

மைதானம் ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது. இப்போது வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். உன் வேலை என்னிடம். மதகு திறந்தே இருக்கிறது. கீழே இந்த வருடம் ரோஜா நல்ல விளைச்சல். போன வாரம் வந்த குழுவில் ஒருவர் கேட்டார்: "ஏரி இவ்ளோ கீழ எறங்கியிருக்கே, மதகை மூடினா நிரம்பிடுமே?"

"மூட மாட்டோங்க சார்" என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். குறைந்த இரண்டும் அதற்காகத்தானா? உன் கணக்கில் அது எத்தனை?

அடுத்த வாரம் ஓசூர் கோர்ட்டில் என் சாட்சி. முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று வக்கீல் கிழிப்பார், கிழிக்கட்டும். என் பயம் வேறு. உன் பெண்டாட்டி நூர்ஜஹான் என்னை அண்ணா என்கிறாள். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்புகிறாள், ஏனென்றால் நான்தான் அப்படிச் சொன்னேன்.

நீ அடிபடும்போது நான் நாற்பது அடி தள்ளி, மணல்குழிக்குள் குப்புறப் படுத்திருந்தேன் மச்சான். கையில் மண்வெட்டி இருந்தது. எழவில்லை. நீ என்னைப் பார்த்தாயா? பார்த்தும்தான் கூப்பிடாமல் இருந்தாயா?

கோர்ட்டில் முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அங்கே வைத்து இதை முதல்முறையாக அவள் கேட்கக் கூடாது. நாளைக் காலை உன் வீட்டுக்குப் போகிறேன். அவள் முகத்தைப் பார்த்து, மண்வெட்டியோடு படுத்துக் கிடந்ததைச் சொல்கிறேன். அதற்கப்புறம் அண்ணா என்று கூப்பிடுவதும் விடுவதும் அவள் இஷ்டம். கதவைச் சாத்தினாலும் கோர்ட்டுக்குப் போவேன். நான்கு பேரையும் கை நீட்டிக் காட்டுவேன். இது சத்தியம்.

நாளை வரைக்குமாவது,
உன் மச்சான்
முனிராஜ்